நிலவு ஒரு முட்டையா? – ஒரு விஞ்ஞானக் கதையும் ரசிகர்களின் வழக்கும்

விஞ்ஞானக் கதைகளின் ரசிகர்கள் மற்றக் கதைகளின் ரசிகர்களிலிருந்து ஒரு வகையில் வேறுபட்டவர்கள். குடும்பக் கதையில் கதாநாயகி அழுதது அதிகமா, குறைவா என்று எவ்வளவு நேரமும் வாதாடலாம். முடிவாகத் தீர்ப்புச் சொல்ல அளவுகோல் ஏதும் கிடையாது. விஞ்ஞானக் கதையில் எண்கள் வருகின்றன. எண் வந்துவிட்டால் காகிதமும் பென்சிலும் உள்ள எவரும் நீதிபதியாகிவிடலாம். ஆனால் அந்தத் தீர்ப்பினால் கதைக்கு என்ன ஆகிறது? எண் தவறினால் கதையும் தவறியதாகுமா? அல்லது, கதைதானே என்று விட்டுவிடலாமா?

இந்தக் கேள்வியை ஆராய்வதற்கு மிகவும் ஏற்றது, பிரிட்டனின் பி.பி.சி. நிறுவனம் தயாரிக்கும் 'டாக்டர் ஹூ' என்னும் தொடரில் 2014 அக்டோபர் 4-ஆம் நாள் ஒளிபரப்பான ஒரு கதை. அதன் பெயர் 'கில் தி மூன்'. தமிழில் 'நிலவைக் கொல்' எனலாம். எழுதியவர் பீட்டர் ஹார்னஸ். இத்தொடரின் ரசிகர்களை இதைப்போல இரு கட்சிகளாகப் பிரித்த கதைகள் சிலவே. அவர்களுடைய வழக்கை நாமும் சற்று விசாரிப்போம்.

இரு ஆசிரியர்களோடு தொடங்கிய தொடர்

முதலில் தொடரைப் பற்றிச் சில சொற்கள். 'டாக்டர் ஹூ' 1963 நவம்பர் 23 அன்று தொடங்கியது. 1989-இல் நின்று, 2005-இல் மீண்டும் உயிர்பெற்றது. 'டாக்டர்' என்று மட்டுமே அழைக்கப்படும் ஒருவர், வெளியே சிறிய காவல்துறைத் தொலைபேசிக் கூண்டு போலவும் உள்ளே மாளிகை போலவும் இருக்கும் 'டார்டிஸ்' என்ற ஊர்தியில் ஏறிக் காலத்திலும் வெளியிலும் பயணம் செய்கிறார். மனிதர்கள் சிலர் துணைக்குச் செல்கிறார்கள். அவர் இறக்கும் நிலை வரும்போது உருமாறி வேறு உடல் பெறுகிறார். எனவே நடிகர் மாறினாலும் தொடர் நிற்பதில்லை.

தொடக்கத்தில் இது பொழுதுபோக்கோடு சிறுவர்களுக்கு அறிவும் ஊட்டவேண்டும் என்ற எண்ணம் தயாரிப்பாளர்களுக்கு இருந்தது. முதல் கதையில் டாக்டரோடு புறப்பட்டவர்களில் இருவர் பள்ளி ஆசிரியர்கள். ஒருவர் விஞ்ஞானம் கற்பிப்பவர். மற்றவர் வரலாறு கற்பிப்பவர். 1960-களில் இத்தொடருக்கு எழுதிய கிட் பெட்லர் ஒரு மருத்துவ விஞ்ஞானி; தொடருக்கு அறிவியல் ஆலோசனை வழங்கியவர். ஆகவே, "இந்தத் தொடரிடம் விஞ்ஞானத்தை எதிர்பார்ப்பதே தவறு" என்று யாராவது சொன்னால், தொடரின் பிறப்பே அதை மறுக்கும்.

கதை இதுதான்

ஆண்டு 2049. டாக்டரும், பள்ளி ஆசிரியை கிளாராவும், அவருடைய மாணவி கோர்ட்னியும் நிலவை நோக்கிச் செல்லும் ஒரு பழைய விண்கலத்தில் வந்து இறங்குகிறார்கள். கலத்தில் நூறு அணுகுண்டுகள். தலைவி லண்ட்விக் என்னும் விண்வெளி வீராங்கனை. நிலவில் கால் வைத்ததும் டாக்டருக்கு ஓர் ஐயம் எழுகிறது. அங்கே துள்ளித் துள்ளி நடக்கவேண்டிய மனிதர்கள் பூமியில் நடப்பதுபோலவே நடக்கிறார்கள். நிலவின் ஈர்ப்பு கூடிவிட்டது. நிலவு 'எடை போட்டுவிட்டது'. அதனால் பூமியில் கடல் ஓதங்கள் பொங்கி, எங்கும் ஒரே வேளையில் உயர்ந்து, நகரங்கள் மூழ்கிவிட்டன. காரணத்தை அழிக்கவே குண்டுகள்.

காரணம் என்ன என்பதுதான் கதையின் வெடி. நிலவு ஒரு முட்டை. பத்துக் கோடி ஆண்டுகளாக அதனுள் வளர்ந்த ஓர் உயிர் இப்போது பொரிந்து வெளிவரப் போகிறது. அதன் எடை 130 கோடி டன். நிலவின் மேல் ஊர்ந்து மனிதரைக் கொல்லும் பெரிய சிலந்திகள், அந்தக் குஞ்சின் உடலில் ஒட்டி வாழும் கிருமிகளாம்.

குஞ்சைக் கொல்வதா, விடுவதா? டாக்டர், "இது உங்கள் நிலவு, உங்கள் முடிவு" என்ற பொருள்படச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். மூன்று பெண்கள் மிஞ்சுகிறார்கள். கிளாரா பூமி மக்களிடம் வானொலி வழியே பேசுகிறாள்: கொல்லலாம் என்போர் விளக்குகளை அணையுங்கள், வாழட்டும் என்போர் எரிய விடுங்கள். பூமி முழுவதும் இருளடைகிறது. ஆயினும் கடைசி நொடியில் கிளாரா அந்தத் தீர்ப்பை மீறிக் குண்டுகளை நிறுத்திவிடுகிறாள். குஞ்சு பொரிந்து பறக்கிறது. ஓடு தூளாகி யாருக்கும் தீங்கின்றி மறைகிறது. போகும் முன் அது புதிய முட்டை ஒன்றை அதே இடத்தில் இட்டுவிட்டுப் போகிறது. பூமிக்குப் புது நிலவு! இறுதியில் கிளாரா, தம்மைக் கைவிட்டுப் போன டாக்டர் மீது சீறி விழுகிறாள்.

ரசிகர்கள் சொன்னவை

முதல் கட்சியினர் சினத்தோடு வந்தார்கள். நிலவாவது முட்டையாவது, ஆறாம் வகுப்பு மாணவன் கூட நம்பமாட்டான் என்றார்கள். எடைக் கணக்கு, ஓதக் கணக்கு, கிருமிக் கணக்கு எல்லாவற்றையும் கிழித்தெறிந்தார்கள்.

இரண்டாம் கட்சியினர் சிரித்தார்கள். உள்ளே பெரிதாகவும் வெளியே சிறிதாகவும் உள்ள பெட்டியை ஐம்பது ஆண்டுகளாக ஏற்றுக்கொண்டவர்களுக்கு, முட்டை மட்டும் தொண்டையில் சிக்குவதேன் என்று கேட்டார்கள். இது நிலவைப் பற்றிய கதையே அல்ல. ஒரு கடினமான முடிவின் முன் நிற்கும் மூன்று பெண்களைப் பற்றிய கதை என்றார்கள். கடைசியில் கிளாரா சீறும் காட்சியையும், அதில் ஜென்னா கோல்மனின் நடிப்பையும் முதல் கட்சியினரிலும் பலர் பாராட்டினார்கள்.

வேறு சிலர் கதையின் உட்பொருளைப் பற்றிச் சண்டையிட்டார்கள். பிறக்காத ஓர் உயிர். அதன் முடிவைப் பெண்களிடம் விட்டு விலகும் ஆண். கடைசியில் பிறப்பே சரியென்று காட்டும் கதை. இது கருக்கலைப்பு பற்றிய பிரசாரமா என்று கேட்டவர்களும் உண்டு. அப்படிப் படிப்பது கதையைத் திரிப்பதாகும் என்றவர்களும் உண்டு.

முதல் இரு கட்சியினரும் ஒன்றில் ஒத்துப்போகிறார்கள் என்பதைக் கவனியுங்கள். விஞ்ஞானம் ஒரு பக்கம், கதை மறு பக்கம் என்பதே இருவர் எண்ணமும். ஒருவர் விஞ்ஞானத்துக்காகக் கதையைத் தள்ளுகிறார். மற்றவர் கதைக்காக விஞ்ஞானத்தைத் தள்ளுகிறார். இந்தப் பிரிவினையே தவறு என்பது என் கருத்து. இக்கதையில் விஞ்ஞானம் இடறிய இடமும் நாடகம் இடறிய இடமும் ஒன்றே. அதைக் காண்பதற்கு, முதலில் கணக்கைச் செய்து பார்த்துவிடுவோம்.

130 கோடி டன் எவ்வளவு?

130 கோடி டன் என்றதும் மலைத்துப் போகிறோம். கதாசிரியரும் மலைத்திருக்க வேண்டும். நமக்குத் தெரிந்த ஒன்றோடு ஒப்பிடுவோம். மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி.; அதாவது 9,347 கோடி கன அடி. அந்த நீரின் நிறை ஏறக்குறைய 265 கோடி டன். ஆகவே நிலவுக்குள் இருக்கும் அந்த மாபெரும் குஞ்சு, மேட்டூர் நீரில் பாதி எடைதான்!

நிலவின் நிறையோ சுமார் 7 லட்சத்து 35 ஆயிரம் கோடி கோடி டன். இதில் 130 கோடி டன் என்பது ஏறத்தாழ 5,650 கோடியில் ஒரு பங்கு. நிலவின் ஆரம் மாறாதபோது, அதன் பரப்பில் ஈர்ப்பு நிறைக்கு நேர் விகிதத்தில் கூடும். எனவே ஈர்ப்பும் 5,650 கோடியில் ஒரு பங்குதான் கூடும். 60 கிலோகிராம் நிறையுள்ள ஒருவர் நிலவில் வில் தராசில் ஏறினால் அது சுமார் 10 கிலோகிராம் காட்டும். குஞ்சு வந்து சேர்ந்தபின் எவ்வளவு கூடும்? தூள் உப்பின் ஒரே ஒரு துகளை எடுத்துக்கொள்ளுங்கள். அதைவிடப் பல மடங்கு குறைவாக. துள்ளல் நடை நின்று போவதாவது!

நிலவில் பூமியைப் போல ஈர்ப்பு இருக்கவேண்டுமானால் அதன் நிறை இப்போதுள்ளதைப் போல் ஆறு மடங்காக வேண்டும். அதற்குத் தேவையான கூடுதல் நிறை, கதை சொல்லும் 130 கோடி டன்னைப்போல் சுமார் 28,000 கோடி மடங்கு.

இப்போது ஓதத்தைப் பார்ப்போம். நிலவு எழுப்பும் ஓதத்தின் உயரமும் நிலவின் நிறைக்கு நேர் விகிதத்தில் உள்ளது. ஒரு மீட்டர் உயரும் ஓதம், குஞ்சின் எடையால் இன்னும் எவ்வளவு உயரும்? ஹைட்ரஜன் அணுவின் விட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு கூட இல்லை. நகரங்கள் மூழ்குவது கிடக்கட்டும். கடலிலுள்ள ஒரு மீனுக்குக் கூடத் தெரியாது.

குஞ்சின் பருமனையும் கணக்கிடலாம். அது வெளிவரும்போது நிலவளவு பெரிதாகவே தோன்றுகிறது. 130 கோடி டன் நிறையை நிலவின் பருமன் முழுவதும் பரப்பினால், அதன் அடர்த்தி நாம் சுவாசிக்கும் காற்றின் அடர்த்தியில் 2 கோடியில் ஒரு பங்காகும். மாறாக, அதன் உடல் நம் உடலைப் போல ஏறக்குறைய நீரின் அடர்த்தி உடையதென்றால், அத்தனையையும் உருட்டினாலும் 1.35 கி.மீ. விட்டமுள்ள உருண்டைதான். 3,474 கி.மீ. விட்டமுள்ள ஓட்டுக்குள் ஒரு சிறு குன்று. இதை முட்டை என்பதைவிட, மலைக்குகையில் ஓர் எறும்பு என்பதே பொருந்தும்.

இந்தக் கணக்குகள் எவற்றுக்கும் பள்ளி இறுதி வகுப்பைத் தாண்டிய படிப்புத் தேவையில்லை. கதாசிரியர் எண்ணைச் சொல்லாமலே இருந்திருக்கலாம், சொன்னதுதான் வினை. ஏனெனில் அந்த எண்ணைச் சொல்பவர் டாக்டர். அந்தத் தொடரில் விஞ்ஞானத்தின் குரல் அவர். அவர் வாயால் வரும் எண்ணை ஒரு சிறுவன் நம்புவானா, மாட்டானா?

ஒரு பொய்க்கு அனுமதி உண்டு

அப்படியானால் முதல் கட்சியே வென்றது என்று முடித்துவிடலாமா? கூடாது. ஏனெனில் அவர்கள் மிகுதியாகக் கேலி செய்தது, கேலி செய்யத் தேவையே இல்லாத ஒன்றை: நிலவு முட்டை என்ற எண்ணத்தை.

நிலவு முட்டையல்ல என்பது நமக்கு எப்படித் தெரியும்? ஆறாம் வகுப்பில் சொன்னார்கள் என்பது விடையல்ல. உண்மையான விடைகள் உண்டு. நிலவின் சராசரி அடர்த்தி நீரைப்போல் 3.34 மடங்கு, இது பாறையின் அடர்த்தி. அது சுழலும் பாங்கிலிருந்து நிலைமத் திருப்புத்திறனைக் கணக்கிட்டிருக்கிறார்கள். சீரான திண்கோளத்துக்கு அதன் கெழு 0.4, உள்ளே வெற்றிடமான மெல்லிய ஓட்டுக்கு 0.667. நிலவுக்குக் கிடைத்தது 0.393. ஆகவே நிலவு உள்வரை திண்மையானது. நடுவில் அடர்த்தி சற்று அதிகம். அப்பல்லோ வீரர்கள் வைத்துவந்த நில அதிர்வுக் கருவிகள் 1977 வரை செய்தி அனுப்பின. நிலவின் உள்ளே அதிர்வலைகள் எப்படிச் செல்கின்றன என்பதை அவை காட்டின. அவர்கள் கொண்டுவந்த கற்களில் 440 கோடி ஆண்டு வயதுடையவையும் உள்ளன. தென் ஆஸ்திரேலியாவில், சுமார் 62 கோடி ஆண்டுகளுக்கு முன் படிந்த பாறை அடுக்குகளில் அக்கால ஓதங்களின் சுவடு பதிந்திருக்கிறது. பத்துக் கோடி ஆண்டு முட்டை என்பது இவற்றோடு ஒத்துவராது.

ஆனால் இவ்வளவும் தெரிந்த பிறகும், "நிலவு முட்டையானால் என்ன ஆகும்?" என்று ஒரு கதாசிரியர் கேட்கலாம். கேட்க உரிமை உண்டு. வடிவக் கணிதத்தில், "இணைகோடுகள் சந்திக்கும் என்று வைத்துக்கொள்வோம்" என்று தொடங்குவதைப் போன்றது அது. விஞ்ஞானக் கதைக்கு ஒரு பெரிய பொய்யைக் கடனாகக் கொடுக்கலாம். ஆனால் அந்தக் கடனுக்குக் கதை ஒழுங்காக வட்டி கட்டவேண்டும்.

வட்டி கட்டுவதென்றால் என்ன? எச்.ஜி. வெல்ஸ் 1901-இல் நூலாக வெளியிட்ட நிலவுப் பயண நாவலைப் பாருங்கள். அதில் 'கேவரைட்' என்றொரு பொருள் வருகிறது. ஈர்ப்பு விசையை மறைக்கும் பொருள். அது அப்பட்டமான பொய். இயற்பியலை மீறியதாகச் சொல்லி ஜூல்ஸ் வெர்ன் அதைக் குறைகூறினார். ஆனால் வெல்ஸ் அடுத்து என்ன செய்கிறார்? கேவரைட் தகடு முதன்முதல் உருவானதும், அதற்கு மேலே உள்ள காற்று எடையிழக்கிறது; சுற்றியுள்ள காற்று அதைத் தள்ளி மேலே பீறிட வைக்கிறது; வீடே பெயர்ந்து போகிறது. பொய் ஒன்றுதான். அதன் பின்விளைவுகளை அவர் நேர்மையாகக் கணக்கிட்டுக் காட்டுகிறார். படிப்பவனுக்கு ஈர்ப்பு என்றால் என்ன என்பது அந்தப் பொய்யினாலேயே விளங்குகிறது!

எனவே இரண்டாம் கட்சியின் கேள்விக்கு விடை இதுதான். டார்டிஸ் பெட்டி கடன் வாங்கிய பொய், முட்டையும் அப்படியே. 130 கோடி டன் அப்படியல்ல. அது வட்டிக் கணக்கில் வந்த தவறு.

எங்கிருந்து வந்தது?

இனி நான் சொல்ல வந்த முக்கியப் பொருளுக்கு வருவோம். இக்கதையின் தவறுகளை வரிசைப்படுத்தினால், அவற்றுள் பெரிய மூன்றும் ஒரே தவறு என்பது தெரியவரும்.

ஒன்று: நிலவின் நிறை கூடியது. உள்ளே குஞ்சு வளர்ந்ததால் என்கிறது கதை. கோழி முட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். 21 நாள் அடைகாக்கும்போது உள்ளே குஞ்சு வளர்கிறது. ஆனால் முட்டையின் எடை கூடுகிறதா? இல்லை. ஓட்டின் நுண்துளைகள் வழியே நீராவி வெளியேறுவதால் பத்து சதவீதத்துக்கும் மேல் எடை குறையவே செய்கிறது. குஞ்சின் உடல் முழுவதும் முட்டையின் கருவிலிருந்து வந்தது. வெளியிலிருந்து எதுவும் சேராமல் எடை கூடாது. நிலவு 'எடை போட்டது' என்றால், அந்த நிறை எங்கிருந்து வந்தது?

இரண்டு: ஓதம் எங்கும் ஒரே நேரத்தில் உயர்ந்தது. நிலவு கடலுக்கு நீரைத் தருவதில்லை. இருக்கும் நீரை இடம் மாற்றுகிறது. இரு பக்கம் உயர்ந்தால் இடைப்பட்ட பகுதிகளில் தாழ்ந்தே தீரவேண்டும். எங்கும் உயர்ந்தால், அந்த நீர் எங்கிருந்து வந்தது?

மூன்று: பொரிந்த சில நொடிகளில், அந்தக் குஞ்சு தன் பழைய ஓட்டின் அளவுள்ள புதிய முட்டையை இடுகிறது. இது எங்கிருந்து வந்தது?

மூன்றிலும் மீறப்பட்டது நிறை அழிவின்மை விதி ஒன்றே. இல்லாததிலிருந்து எதுவும் வராது. பெற்றதற்கு எங்காவது ஈடு கொடுத்திருக்க வேண்டும். வகுப்பில் இதை ஒரு விதியாகப் படித்து மதிப்பெண் வாங்குகிறோம். ஆனால் நாடகத்துக்கும் இதே விதி உண்டு. ஒரு பாத்திரம் செய்யும் முடிவுக்கு மதிப்பு வருவது, அதற்கு அது கொடுக்கும் விலையினால்தான்.

கிளாரா உலகமே சொன்ன தீர்ப்பை மீறுகிறாள். ஓர் உயிரைக் காப்பதற்காக மனித குலத்தையே பணயம் வைக்கிறாள். எவ்வளவு பெரிய முடிவு! அதற்கு என்ன விலை? ஒன்றுமில்லை. ஓடு தூளாகிக் காற்றில் கரைந்ததுபோல் போகிறது. நிலவு உடனே திரும்பக் கிடைக்கிறது. அதற்கு மேலும், அந்தக் காட்சியைக் கண்ட மனித குலம் மீண்டும் விண்வெளிக்குப் புறப்படுகிறதாம். அவள் எடுத்தது சரியான முடிவுதானா என்று நாம் எண்ணிப் பார்ப்பதற்கு முன்பே, கதாசிரியர் சட்டைப் பையிலிருந்து புதிய நிலவொன்றை எடுத்து நீட்டிவிடுகிறார். விலையில்லா நிலவும் விலையில்லா முடிவும் ஒரே கையிலிருந்து வந்தவை.

அதனால்தான் 'விஞ்ஞானம் தவறு, நாடகம் நன்று' என்னும் தீர்ப்பை என்னால் ஏற்க முடியவில்லை. கதையின் உட்பொருளைப் பற்றிச் சண்டையிட்டவர்களுக்கும் இது பொருந்தும். கருவிலுள்ள உயிரைப் பற்றிய முடிவு யாருக்கும் விலையில்லாமல் வருவதில்லை. எந்தப் பக்கம் நிற்பவருக்கும் அது தெரியும். இக்கதை ஒரு பக்கத்தின் விலையை அழித்துவிட்டது. பிரசாரம் என்ற ஐயம் எழுந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

விளக்கு வாக்கெடுப்பு

ரசிகர்கள் மிகுதியாகத் தோண்டிய இன்னோர் இடம், விளக்கு வாக்கெடுப்பு. நிலவிலிருந்து பார்த்தால் எந்த நேரத்திலும் பூமியின் ஒரு பாதியே தெரியும். அதிலும் பகலாக இருக்கும் பகுதியில் விளக்கு எரிந்தாலும் அணைந்தாலும் தெரியாது. கதை தரும் கால அவகாசம் ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. அதற்குள் பூமி 15 பாகை கூடத் திரும்பாது. ஆக, 'உலகத் தீர்ப்பு' என்பது ஏதோ சில நாடுகளின் தீர்ப்பு. மின் விளக்கே இல்லாத வீட்டுக்கு வாக்கு இல்லை. மின் நிலையத்தில் ஒருவர் நெம்புகோலை இழுத்தால் ஒரு நகரமே 'வாக்களித்துவிடும்'.

இவை குற்றம் காணும் சிறு விளையாட்டுகள் அல்ல. மக்கள் தீர்ப்பைத் தனியொருத்தி மீறலாமா என்பதுதானே கதையின் நெருக்கடி? அந்தத் தீர்ப்பு அளக்கப்பட்ட முறையே பழுது என்றால், கிளாரா மீறியது மக்களையா, பழுதான கருவியையா? கதையில் ஒருவராவது இதைக் கேட்டிருந்தால் நாடகம் இன்னும் கூர்மையாகியிருக்கும். அளவீட்டை நம்பலாமா என்று கேட்பது ஆய்வுக்கூட வழக்கம் மட்டுமல்ல. மனசாட்சியின் வழக்கமும் அதுவே.

டாக்டர் விலகிப் போவதைப் பற்றியும் ஆசிரியன் என்ற முறையில் ஒரு சொல். மாணவர்களைத் தாமே முடிவெடுக்க விடுவது நல்ல ஆசிரியரின் இலக்கணம்தான். ஆனால் வேண்டிய தரவுகளைக் கொடுத்துவிட்டு விடவேண்டும். தரவு தராத கணக்கைக் கொடுத்து, விடையும் சொல்லாமல் அறையை விட்டு வெளியேறுவது கற்பித்தல் அல்ல. கிளாராவின் சினம் இதைத்தான் சொல்கிறது. அதனால்தான் அந்த ஒரு காட்சி எல்லாக் கட்சியினரையும் தொட்டது. அங்கே ஒரு செயலுக்கு விலை கேட்கப்படுகிறது. டாக்டர் அவளது நம்பிக்கையை இழக்கிறார்.

ரசிகர்கள் என்ன செய்யலாம்?

கேலி செய்வது எளிது. ரசிகர்களின் கணக்கு ஒரு கதையை வளர்க்கவும் கூடும் என்பதற்கு அழகான சான்று ஒன்று உண்டு.

லாரி நிவன் 1970-இல் 'ரிங்வேர்ல்ட்' என்ற நாவலை வெளியிட்டார். ஒரு விண்மீனைச் சுற்றி, பூமியின் பாதையளவு பெரிய வளையம் ஒன்றைக் கட்டி அதில் உயிர்கள் வாழ்வதாகக் கதை. 1971-இல் பாஸ்டன் நகரில் நடந்த உலக விஞ்ஞானக் கதை மாநாட்டில், எம்.ஐ.டி. தொழில்நுட்ப நிறுவனத்தின் மாணவர்கள் அந்த வளையம் நிலையற்றது என்று விடுதி நடைகளில் கோஷமிட்டார்கள். அவர்கள் சொன்னது சரி. விண்மீனைச் சுற்றும் திண்ம வளையம் இம்மியளவு விலகினாலும், ஈர்ப்பு அதை மேலும் விலக்கும். கடைசியில் வளையம் விண்மீனில் மோதும். சனிக்கோளின் வளையங்கள் திண்மத் தகடாக இருக்க முடியாது என்று மாக்ஸ்வெல் 1859-ஆம் ஆண்டுக் கட்டுரையில் காட்டியதும் இதே காரணத்தால்தான்.

நிவன் "கதைதானே" என்று சிரித்து ஒதுக்கவில்லை. சுமார் பத்தாண்டுகளில் இரண்டாம் பாகம் எழுதினார். வளையம் நிலைகுலைந்து கொண்டிருக்கிறது. அதை நிலைநிறுத்தும் பொறிகள் என்ன ஆயின என்பதே அதன் கதைச் சிக்கல். மாணவர்களின் கணக்கு ஒரு நாவலுக்குக் கருவாயிற்று.

'நிலவைக் கொல்' கதைக்கும் இதைச் செய்து பார்க்கலாம். முட்டையை அப்படியே வைத்துக்கொள்வோம். கடைசியில் புதிய முட்டையை மட்டும் எடுத்துவிடுவோம். உயிர் பொரிந்து போகிறது. நிலவு இனி இல்லை. என்ன ஆகும்? இயற்பியல் தெளிவாகவே பதில் சொல்கிறது. கடல் ஓதம் அடியோடு நிற்காது. ஏனெனில் சூரியனும் ஓதம் எழுப்புகிறது. ஆனால் அமாவாசையிலும் பௌர்ணமியிலும் இப்போது எழும் பேரோதத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான ஓதமே மிஞ்சும். ஓதத்தை நம்பி வாழும் கரையோர உயிர்கள் பல திண்டாடும். நெடுங்காலத்தில் பூமியின் அச்சுச் சாய்வு இப்போதையதைவிட அதிகமாக ஆடும்; எவ்வளவு என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. இரவுகள் இருண்டு போகும். சூரிய கிரகணம் என்ற சொல்லுக்குப் பொருள் இராது. மனித குலம் அழியாது. ஆனால் ஒன்றை என்றென்றைக்கும் இழந்து வாழும்.

அந்த இருண்ட வானத்தைப் பார்த்துக்கொண்டு கிளாரா நின்றிருந்தால்? "ஓர் உயிருக்காக இதைக் கொடுத்தோம்" என்று பூமி மக்கள் நினைத்துக்கொண்டிருந்தால்? சிலர் அவளைப் போற்றியிருப்பார்கள், சிலர் தூற்றியிருப்பார்கள். இரு சாராருக்கும் காரணம் இருந்திருக்கும். சரியான இயற்பியல் அந்தக் கதையின் கற்பனையைக் குறைத்திருக்காது. அது தேடி அடைய முடியாமல்போன கனத்தைக் கொடுத்திருக்கும்.

மாணவர்களே, விஞ்ஞானக் கதைகளை நிறையப் படியுங்கள், பாருங்கள். முதல் பொய்யைக் கண்டு கோபிக்காதீர்கள். அதைக் கடன் கொடுங்கள். பிறகு பென்சிலை எடுத்துக்கொண்டு, கதையில் புதிதாக எது வந்தாலும் "எங்கிருந்து வந்தது?" என்று கேளுங்கள். விடை இருந்தால் அது நல்ல கதை. இல்லாவிட்டால், சிரிப்பதோடு நிறுத்திவிடாமல் விடையுள்ள கதையை நீங்களே எழுதிப் பாருங்கள்.